தோட்டத்து வீட்டுக்கு பைஃபேசியல் சோலார்: கேட்டதும் சொன்னதும்

மாடியில் இடம் போதாமல், வீட்டை ஒட்டிய காலி நிலத்தில் பைஃபேசியல் பேனல் (முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் கரண்ட் எடுக்கும் பேனல்) போட நினைக்கும் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். கொங்குப் பக்கத்துத் தோட்டங்களில் இந்த வேலையைக் கூடவே நின்று செய்துவருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பல்லடத்திலிருந்து ஒருவர்: அண்ணா, பின்பக்கமும் கரண்ட் எடுக்கும், 25 சதவீதம் கூடுதலாக வரும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பின்பக்கம் எடுக்கும், அது உண்மை. ஆனால் 25-ஐ நம்பி கணக்குப் போடாதீர்கள் தம்பி. பேனல் கம்பெனி தரும் விவரத் தாளில் (டேட்டா ஷீட்) பின்பக்க லாபம் 5, 15, 25 சதவீதம் என்று ஒரு அட்டவணை இருக்கும். அவ்வளவு வந்தால் வாட் எத்தனை ஆகும் என்ற கணக்குதான் அது. அவ்வளவு வரும் என்று கம்பெனி எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.

பின்பக்கத்துக்கு வெயிலைத் தருவது தரை. செம்மண்ணும் புல்லும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். வெள்ளையடித்த தரை பாதிக்கு மேல் அனுப்பும். அதனால் சாதாரண தோட்டத்து மண்ணில் 5 முதல் 8 சதவீதம், வெள்ளைத் தரையும் நல்ல உயரமும் இருந்தால் 10-ஐத் தாண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனல் ரகத்திலும் வித்தியாசம் உண்டு. பெர்க், டாப்கான் என்று இரண்டு வகைச் செல் வருகிறது. முன்பக்கத் திறனோடு ஒப்பிட்டால் பின்பக்கம், பெர்க் செல்லில் 70 சதவீதம், டாப்கானில் 80 சதவீதம் அளவுக்கு வேலை செய்யும். விலை ரொம்ப விலகாவிட்டால் டாப்கான் எடுங்கள்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஒரு தோட்டத்தில் உச்சி வெயிலில், ஒரு வரிசைப் பேனல்களின் அடியில் கறுப்புத் தார்ப்பாயைக் கட்டி மறைத்தோம். ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட்டை அளக்கும் டி.சி. கிளாம்ப் மீட்டரில் 13.1 ஆம்பியர் காட்டிக்கொண்டிருந்தது 12.3-க்கு இறங்கியது. தார்ப்பாயை உருவியதும் பழைய அளவுக்கு ஏறிவிட்டது. அந்த 0.8 ஆம்பியர்தான் பின்பக்கத்துச் சம்பாத்தியம். கீழே வெறும் காய்ந்த மண்.

காங்கேயத்திலிருந்து ஒரு அம்மா: கொப்பரை காயப்போட்ட சிமெண்ட் களம் இப்போது சும்மாதான் கிடக்கிறது. அதன் மேலேயே போடலாமா?

தாராளமாகப் போடலாம் அம்மா. இத்தனை கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் உங்கள் களம்தான். சிமெண்ட் தரை மண்ணைவிட வெளிச்சத்தை நன்றாகத் திருப்பும். அதிலும் சுண்ணாம்பு அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் வருடத்துக்கு ஒரு தடவை அடித்தால் போதும். வரிசைகளுக்கு நடுவிலும், சுற்றி ஆறடி வரைக்கும் அடியுங்கள். பின்பக்கத்துக்கு வெளிச்சம் போவது பெரும்பாலும் வெயில் படுகிற அந்தத் தரையிலிருந்துதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். களத்துக் கான்கிரீட் மூன்று, நான்கு அங்குலக் கனம்தான் இருக்கும். அதில் துளை போட்டு போல்ட் அடித்து நிறுத்திவிடலாம் என்று வேலையாள் சொல்வார். விடாதீர்கள். ஒரு பேனல் இரண்டரைச் சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு. காற்று அடியில் புகுந்தால் பாய்மரம்போல மேலே தூக்கும். கால் வரும் இடங்களில் களத்தை அறுத்துக் குழி எடுத்து, தனியாக கான்கிரீட் போட்டுத்தான் கால் நிறுத்த வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் கோவை, மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. காங்கேயத்தில் நின்றது கடற்கரையில் நிற்காது. அங்கே இருப்பவர்கள் குழி ஆழத்தை இன்ஜினியரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அவிநாசியிலிருந்து ஒருவர்: தரையிலிருந்து எவ்வளவு உயரம்? ஸ்ட்ரக்சர் எப்படி இருக்க வேண்டும்?

கீழ் விளிம்பு தரையிலிருந்து குறைந்தது மூன்றடி. ஒன்றரை அடியில் போட்டால் பேனலின் நிழலே பின்பக்கத்தை இருட்டாக்கிவிடும். நான்கு, ஐந்தடிக்கு மேலே போகப் போக லாபம் கொஞ்சம்தான் கூடும், காற்றும் இரும்புச் செலவும் அதைத் தின்றுவிடும். தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு. பத்துக்குக் கீழே போனால் மழைத் தண்ணீர் வழியாமல் கீழ் விளிம்பில் அழுக்கு கட்டும்.

அடுத்தது ரெயில், அதாவது பேனலைத் தாங்கும் நீள இரும்பு. பேனலின் பின்னால் செல்லுக்குக் குறுக்கே இரும்பு ஓடினால், கூடுதல் காசு கொடுத்து வாங்கிய பக்கத்தில் நாமே நிழல் போட்டதாகிவிடும். ரெயில் ஃபிரேமின் ஓரத்திலோ, இரண்டு பாதிச் செல் தொகுதிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றுக் கோட்டிலோ வரட்டும். எங்கே கிளாம்ப் பிடிக்கலாம் என்று பேனல் கம்பெனி கொடுக்கும் தாளில் படமே இருக்கும்.

இரும்பு, ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததாக (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக), 80 மைக்ரான் பூச்சோடு இருக்கட்டும். இடத்தில் வைத்து வெல்டிங் அடிக்க விடாதீர்கள். அடித்த இடத்தில் துத்தநாகம் எரிந்து, இரண்டாவது மழைக்காலத்திலேயே துரு பிடிக்கும். எல்லாமே போல்ட் இணைப்பாக இருக்க வேண்டும். போல்ட்டையும் அளவுக்கு மேல் முறுக்கக் கூடாது. இந்தப் பேனல்களில் முன்னும் பின்னும் இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடிதான். கிளாம்ப் அழுத்தம் கூடினால் அன்றைக்குத் தெரியாது, ஒரு வெயில் நாளில் விரிசல் ஓடும். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் வரும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தாராபுரத்திலிருந்து ஒருவர்: வீட்டில் ஏற்கெனவே சோலார் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா சார்?

இன்வெர்ட்டர் லேபிளில் அதிகபட்ச உள்ளீட்டு ஆம்பியரைப் பாருங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் 11 அல்லது 12.5 என்று இருக்கும். இப்போதைய 545 வாட் பேனல் முன்பக்கத்திலேயே 13 ஆம்பியர் தரும், பின்பக்கமும் சேர்ந்தால் 14-ஐத் தாண்டும். இன்வெர்ட்டர் தன் அளவுக்குமேல் எடுக்காது, மீதி வீண். இன்னும் பெரிய செல் உள்ள பேனல்களில் 17, 18 ஆம்பியர் வரை போகும். வாங்குமுன் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அவரே: பேனல் போடும் இடம் வீட்டிலிருந்து 60 மீட்டர். இன்வெர்ட்டரை அங்கேயே மாட்டலாமா?

வேண்டாம். மீட்டர் பக்கத்தில் மாட்டி, பேனலிலிருந்து வரும் டி.சி. கரண்ட்டை வீடு வரை கொண்டுவாருங்கள். பத்து 545 வாட் பேனலை வரிசையாகக் கோத்தால் 400 வோல்ட்டுக்கு மேல் வரும். 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிளில் போக வர 120 மீட்டர் என்றாலும் இழப்பு எட்டு வோல்ட், இரண்டு சதவீதம்கூட இல்லை. இன்வெர்ட்டரைத் தோட்டத்தில் வைத்து, அது மாற்றித் தரும் ஏ.சி. கரண்ட்டை அங்கிருந்து நீளமாக இழுத்து வந்தால், நடுப்பகலில் லைன் வோல்டேஜ் ஏறி, நல்ல வெயில் நேரத்தில் பார்த்து ட்ரிப் ஆகும். கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள், எலி கடிக்காது. டி.சி., ஏ.சி., இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் கட்டாயம்.

கொடுமுடியிலிருந்து ஒருவர்: மானியம் கிடைக்குமா ஐயா?

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவிலேயே தயாரானதாக, டி.சி.ஆர். பேனலாக இருக்க வேண்டும். ஆனால் அந்தத் திட்டம் கூரைச் சோலாருக்காக வந்தது. அதனால் மண்ணில் குழி எடுக்கும் முன்பே மின்வாரியத்தில் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். இணைப்பு வீட்டு சர்வீஸில் இருக்கட்டும். தோட்டத்து மோட்டாரின் இலவச சர்வீஸில் கரண்ட் பில்லே இல்லை, அங்கே மிச்சப்படுத்த எதுவும் இல்லை.

மூலனூரிலிருந்து ஒருவர்: அடியில் புல் வளர்ந்தால் என்ன செய்வது? ஆடு விடலாமா?

செம்மறி விடலாம், வெள்ளாடு வேண்டாம். செம்மறி தலையைக் குனிந்து மேய்ந்துவிட்டுப் போய்விடும். வெள்ளாடு மூன்றடி உயரத்துக்கு முன்காலைத் தூக்கி வைக்கும், அடுத்த நிமிடம் மேலே நிற்கும். களைக்கொல்லி அடிப்பதாக இருந்தால் தெளிப்பு கண்ணாடியில் படக் கூடாது. மயில் வந்து உட்கார்ந்தால் எச்சத்தை உடனே கழுவுங்கள், ஆனால் விடிகாலையில் மட்டும். கொதிக்கிற கண்ணாடியில் போர் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழலாம், உப்புக் கறையும் வெள்ளையாகப் படிந்துவிடும்.