பாலைவனத்துக்குப் போறீங்களா, தண்ணி விஷயத்துல கவனம் (வாசகர் கேள்வி-பதில்)

போன இதழ்ல அமெரிக்காவோட தென்மேற்குப் பாலைவனத்தைப் பத்தி, அதாவது அரிசோனா, யூட்டா, நியூ மெக்சிகோ பக்கம் டூர் போறதைப் பத்தி எழுதியிருந்தோம். நிறைய கேள்வி வந்திருக்கு. பயணத்துக்கு நேரா உதவுற நாலு கேள்விக்கு இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: பையன் ஃபீனிக்ஸ் பக்கத்துல சாண்ட்லர்ல வேலை பாக்குறான். ஜூலைல நாங்க போறோம். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குல கீழ இறங்கி கொலராடோ ஆத்துல கால நனைச்சிட்டு அன்னிக்கே மேல ஏறிடலாம்னு சொல்றான். எனக்கு 58 வயசு, தினமும் வாக்கிங் போறவன். முடியுமா? (வாசகர், திருச்சி)

பதில்: வேண்டாம் சார், தயவுசெஞ்சு வேண்டாம். பையனும் தனியா போகக்கூடாது. ஆறு வரைக்கும் போயிட்டு ஒரே நாள்ல திரும்பாதீங்கன்னு பார்க் நிர்வாகமே சொல்லுது. மலை ஏறும்போது களைப்பு வந்தா திரும்பி இறங்கிடலாம், ஆனா இங்க எல்லாமே தலைகீழ், முதல்ல சுலபமா இறங்கிடுவீங்க, உடம்பு சோர்ந்த பிறகுதான் ஏத்தமே ஆரம்பிக்கும், அதுவும் உச்சி வெயில்ல. தெற்கு விளிம்பு கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், மேல நிக்கும்போது காத்து இதமா இருக்கும், அதை நம்பித்தான் நிறைய பேர் இறங்கிடுறாங்க. கீழ போகப் போக சூடு ஏறிக்கிட்டே இருக்கும், ஜூலைல அடிவாரத்துல நிழல்லயே 40 டிகிரி தாண்டும். கோடையில காலைல 10 மணிக்கு மேல சாயங்காலம் 4 மணி வரைக்கும் உள்ள நடக்காதீங்கன்னு ரேஞ்சர்கள் சொல்றதும் அதனாலதான். இன்னொண்ணு, வெறும் தண்ணிய மட்டும் குடம் குடமா குடிச்சாலும் ஆபத்து, வேர்வையில உப்பு போயிடும், ரத்தத்துல சோடியம் இறங்கி ஆள் குழம்பி விழுந்துடுவாங்க. உப்பா ஏதாவது கொறிச்சுக்கிட்டேதான் குடிக்கணும்.

உங்களுக்கு நான் சொல்றது, விடிகாலைல சவுத் கைபாப் பாதையில ஊ-ஆ பாயிண்ட் வரைக்கும் மட்டும் போங்க, ஒரு வழிக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆனா அந்தப் பாதையில குடிதண்ணியே கிடையாது, கையில எடுத்துட்டுப் போங்க. இறங்க எடுத்த நேரத்தைப் போல ரெண்டு மடங்கு ஏறுறதுக்குன்னு ஒதுக்கிக்கோங்க.

அப்புறம் மேலயே, விளிம்பை ஒட்டி, 'டிரெயில் ஆஃப் டைம்'னு ஒரு சமதளப் பாதை இருக்கு, என்னைக் கேட்டா முழு பார்க்லயும் ரொம்ப அருமையான விஷயம் அதுதான். ஒரு மீட்டர் நடந்தா பத்து லட்சம் வருஷம் பின்னால போனதா கணக்கு. யாவப்பாய் மியூசியம் கிட்ட இன்னிக்குன்னு ஆரம்பிச்சு நடந்தா, கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தை வெட்ட ஆரம்பிச்ச காலம் அஞ்சாறு மீட்டர்லயே வந்துடும், ஆனா நீங்க மேல நிக்கிற கைபாப் சுண்ணாம்புப் பாறையோட வயசுக்கு 270 மீட்டர் நடக்கணும், அடியில இருக்கிற விஷ்ணு பாறைக்கு (ஆமா, நம்ம விஷ்ணு பேர்தான்) 1,700 மீட்டருக்கு மேல. அந்தந்த இடத்துல அந்தந்தப் பாறைய பாலிஷ் பண்ணி வெச்சிருக்காங்க, தொட்டுப் பாருங்க.

கேள்வி: ஆண்டிலோப் கேன்யனுக்கு டிக்கெட் போட்டுட்டுப் போனோம். வானத்துல ஒரு மேகம் இல்ல, ஆனா மழைன்னு சொல்லி டூரை நிறுத்திட்டாங்க. இது நியாயமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ஏமாற்றம் புரியுதும்மா, ஆனா அவங்க செஞ்சதுதான் சரி. 1997 ஆகஸ்ட் 12-ம் தேதி அதே கேன்யன்ல 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்துல செத்தாங்க, கேன்யன் இருக்கிற இடத்துல பெருசா மழையே இல்ல, பல மைல் தள்ளிப் பெய்ஞ்சது. அங்க தரை முழுக்க பாறையும் காஞ்ச மண்ணும்தான், தண்ணிய உறிஞ்சாது, எங்கயோ பெய்யிற மழை எல்லாம் ஒண்ணா சேர்ந்து அந்தக் குறுகலான சந்துக்குள்ள பாயும், ஓடி ஒதுங்க இடமே இருக்காது. இந்த மாதிரி சந்து கேன்யன்ல நடக்கும்போது அண்ணாந்து பாருங்க, சில இடத்துல தலைக்கு மேல ரெண்டு சுவருக்கும் குறுக்க மரக்கட்டை மாட்டிக்கிட்டு இருக்கும், அவ்வளவு உயரத்துக்கு வெள்ளம் வந்திருக்குன்னு அர்த்தம். அந்த வளைவு வளைவான சுவரை எல்லாம் செதுக்கினதும் இதே வெள்ளம்தான். ஜூன் நடுவுல இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் அங்க மழை சீசன். இது நவாஹோ பழங்குடி மக்களோட நிலம், கைடு இல்லாம உள்ள விடமாட்டாங்க, அந்த ஆள் வெளிய வாங்கன்னா ஃபோட்டோவ விட்டுட்டு உடனே வந்துடணும்.

கேள்வி: அங்க சுத்தும்போது ஃபோன்ல டைம் தானா மாறுதாமே? (வாசகர், மதுரை)

பதில்: மாறும். அமெரிக்காவுல பெரும்பாலான இடங்கள்ல கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெப்பாங்க. அரிசோனா அப்படி மாத்தாது, ஆனா அதுக்குள்ள இருக்கிற நவாஹோ நேஷன் (நவாஹோ மக்களோட சுயாட்சிப் பகுதி) மாத்தும், அதனால மார்ச்ல இருந்து நவம்பர் வரைக்கும் அந்தப் பகுதியில இருக்கிற மானுமெண்ட் வேலி ஒரு மணி நேரம் முன்னால இருக்கும், ஆண்டிலோப் கேன்யன் பக்கத்துல இருக்கிற பேஜ் ஊர்ல அரிசோனா நேரம்தான். புக் பண்ணும்போதே எந்த நேரம்னு கேட்டு வெச்சிக்கோங்க. நேஷனல் பார்க் பாஸும் நவாஹோ இடங்கள்ல செல்லாது, தனியா கட்டணும்.

கேள்வி: அரிசோனாவுல பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் நேஷனல் பார்க்ல கல்லான மரத்துண்டு கீழயே கிடக்குதாம், பேரனுக்கு ஒண்ணு எடுத்துட்டு வரலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: சின்னதா ஒரு சில்லு கூட எடுக்கக்கூடாதும்மா, சட்டப்படி குத்தம். 20 கோடி வருஷத்துக்கும் முந்தின மரம் ஆத்து மண்ணுல புதைஞ்சு, தண்ணியில கரைஞ்சு வந்த சிலிகா கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்கி கல்லானது அது. எடுத்துட்டுப் போனவங்க பல பேர் மனசு உறுத்தி மன்னிப்புக் கடிதத்தோட பார்சல்ல திருப்பி அனுப்பியிருக்காங்க, ஆனா எந்த இடத்துல இருந்து எடுத்ததுன்னு தெரியாததால பழைய இடத்துல வைக்க முடியாது, ஆராய்ச்சிக்கும் உதவாது, ஒரு ஓரமா குவிச்சு வெச்சிருக்காங்க. பேரனுக்குக் குடுக்கணும்னா பக்கத்துல ஹோல்ப்ரூக் ஊர்க் கடைகள்ல தனியார் நிலத்துல எடுத்த துண்டு விக்கிறாங்க, அங்க பில் போட்டு வாங்கிக்கோங்க.