பழைய லைப்ரரி, புதிய கொம்பைலர்: கேள்வி பதில்

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை யூனிகோட்டுக்கு மாற்றும் சின்ன சி லைப்ரரி ஒன்றைக் கிளிநொச்சியில் இருந்து பராமரிக்கிறேன். அதைப் பாவிப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

அறிவியல்நகர் மாணவர்: அண்ணா, ஜிசிசி கொம்பைலரின் 15ஆம் பதிப்பைப் போட்டதும் நேற்றுவரை ஓடிய கோட் முழுக்கப் பிழை. நான் ஒரு வரியும் மாற்றவில்லை.

தம்பி, மாறியது கொம்பைலர், அதாவது கோடைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஜிசிசி 14 சி மொழியின் சி17 ஸ்டாண்டர்ட் என்று எடுத்தது. ஜிசிசி 15, புதிய சி23 என்று எடுக்கிறது. சி23-இல் பூல், ட்ரூ, ஃபோல்ஸ் மூன்றும் மொழியின் சொற்கள். 'டைப்டெஃப் இன்ட் பூல்' என்று ஹெடரில் (மற்றவர் தம் கோட்டில் சேர்க்கும் அறிவிப்புக் கோப்பில்) எழுதியிருந்தால் அங்கேயே முட்டும். அடுத்தது பங்ஷன் அறிவிப்பில் வரும் வெற்று அடைப்பு. பங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளான வாதங்களை எழுதும் இடம் அது. முன்பு அதற்கு 'வாதங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை' என்று பொருள். இப்போது 'வாதமே இல்லை'. அப்படி அறிவித்த பங்ஷனை இரண்டு மதிப்போடு அழைத்தால் பிழைதான். வாத வகைகளை முழுதாக எழுதுங்கள், எல்லா ஸ்டாண்டர்டிலும் போகும். அவசரத்துக்குப் பழைய ஸ்டாண்டர்டுக்குத் திரும்ப ஜிசிசிக்கு க்னூ17 என்று கொடுக்கலாம். ஆனால் அது காய்ச்சலுக்குப் பனடோல்.

வவுனியாவில் இருந்து ஒரு தங்கச்சி: சி++20-க்கு மாறினேன். முன்னால் யு8 போட்ட (யூடிஎஃப்-8) தமிழ்ச் சரத்தை உங்கள் பங்ஷன் வாங்கவில்லை.

நல்ல கேள்வி. சி++17 வரை யு8 சரம் சாதாரண சார் வரிசை. சி++20-இல் அது சார்8_டி என்ற தனி வகை. 'அ' அதே 3 பைட்தான், வகை மட்டும் வேறு. பழைய பங்ஷனை நான் தொடவில்லை. சார்8_டி சுட்டியை வாங்கி, காஸ்ட் செய்து (வகையை மாற்றி) பழையதற்கே அனுப்பும் இன்லைன் பங்ஷன் ஒன்றை ஹெடரில் சேர்த்தேன். அதை, சி பங்ஷன்களை சி++-க்கு அறிவிக்கும் எக்ஸ்டேர்ன் சி பகுதிக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் ஒரே பெயரில் இரண்டு பங்ஷன் வராது.

அந்த இன்லைன் பங்ஷனை ஹெடரில் எப்போது திறப்பது? கொம்பைலர் சொல்லும் சி++ வேர்ஷன் எண்ணை நம்பவேண்டாம்! மைக்ரோசொஃப்டின் விசுவல் சி++ தனித் தெரிவு கொடுக்காவிட்டால் 199711 என்ற பழைய எண்ணையே சொல்லும். ஜிசிசியில் சி++20-ஐ வைத்துக்கொண்டே சார்8_டி-யை நிறுத்தலாம். சார்8_டி இருக்கிறதா என்று காட்டவென்றே ஓர் அம்ச மக்ரோ இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

மாங்குளம்: ஜிசிசி 15, பூல், பிழை.

முதல் பதில்.

முல்லைத்தீவு அண்ணை ஒருவர்: தம்பி, 1989 ஸ்டாண்டர்டான சி89-இல் எழுதினால் சாகும்வரை ஓடும். ஏன் இந்த ஆட்டம்?

வரி வாசிக்கும் கெட்ஸ் பங்ஷன் சி89-இல் இருந்தது அண்ணை. சி11 தூக்கிவிட்டது.

அவர்: கெட்ஸ் போகவேண்டியதுதான். சி89 என்று சொன்னால் ஜிசிசி இன்றும் கேட்கிறதே?

உங்கள் சி கோப்புக்குக் கேட்கும். அது உங்கள் வளவு. ஹெடர் ஊர் ஒழுங்கை. அதை இழுத்துப்போடுகிறவர் எந்த ஸ்டாண்டர்டில் வருவார் என்று நீங்கள் சொல்லமுடியாது.

அவர்: அப்போ ஹெடர் மட்டும் எல்லாவற்றிலும் போகவேணும், உள்ளுக்குள் என் விருப்பம்?

சரி, அதை நான் முதலே சொல்லியிருக்கவேணும். ஹெடரை மட்டும் சேர்த்த ஒரு கோப்பை சி89, சி23, சி++11, சி++20 நான்கிலும் கொம்பைல் செய்யாமல் நான் எதையும் வெளியிடுவதில்லை.

பூநகரி: பழைய பங்ஷனை எப்போது நீக்கலாம்?

முதலில் டெப்ரிகேட்டட் (இனிப் பாவிக்கவேண்டாம்) என்று குறியுங்கள். சி++14-இலும் சி23-இலும் அதற்கு முறையான குறி உண்டு. ஓட்டோ_பிடிஆர் என்ற பழைய சுட்டி வகையை சி++11 கைவிடச் சொன்னது, சி++17-தான் நீக்கியது. ஆறு வருடம். உங்களுக்கு என்ன அவசரம்?

மன்னார்: பைதன் 3.10-இல் கலெக்ஷன்ஸில் மேப்பிங் இல்லை என்கிறது.

பைதன் என் வளவு இல்லை. மேப்பிங்கைக் கலெக்ஷன்ஸ் ஏபிசி என்ற மொடியூலில் எடுங்கள். மற்றதை பைதன்காரரிடம் கேளுங்கள்.

செட்டிகுளம்: அண்ணா, ஜிசிசி 15-இல் பூல்...

பனடோல் வேண்டாம். மேலே போய் வாசியுங்கள்.