பப்ளிக் இமேஜ் லிமிடெட் ஆல்பங்களை விமர்சகர்கள் எப்படி வரவேற்றார்கள்? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பப்ளிக் இமேஜ் லிமிடெட், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜான் லைடன் அடுத்துத் தொடங்கிய பிரிட்டிஷ் குழு. இந்தக் குழுவைப் பற்றிய விமர்சனம் எதைப் படித்தாலும், எழுதியவர் எந்தப் பதிப்பை, எந்த ஆண்டில், எந்த நாட்டில் கேட்டார் என்று முதலில் பாருங்கள். பாராட்டுக்கும் வசவுக்கும் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

முதல் ஆல்பமான 'ஃபர்ஸ்ட் இஷ்யூ' 1978 டிசம்பரில் வந்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ் உடைந்து ஓராண்டு கூட ஆகாத நேரம். ஜான் லைடனிடம் மூன்று நிமிடக் கோபப் பாட்டை எதிர்பார்த்தவர்களுக்கு, ஒன்பது நிமிட 'தீம்' எடுத்த எடுப்பிலேயே கிடைத்தது. கடைசிப் பாடலான 'ஃபாடர்ஸ்டாம்ஃப்' ஏறக்குறைய எட்டு நிமிடம் பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிடார்), ட்ரம்ஸ், கத்தல் மட்டும்தான். இடத்தை அடைக்கப் போட்டது என்று திட்டினார்கள். அந்தத் திட்டு நியாயமானதே. அமெரிக்காவில் இந்த ஆல்பம் அப்போது வெளியாகவே இல்லை, 2013-இல்தான் வந்தது. அதனால் அங்கிருந்த விமர்சகர்கள் குழுவைப் பெரும்பாலும் இரண்டாவது ஆல்பத்திலிருந்துதான் எடைபோட்டார்கள்.

அந்த இரண்டாவது ஆல்பம்தான் 'மெட்டல் பாக்ஸ்' (நவம்பர் 1979). வட்டத் தகர டப்பாவில் மூன்று 12 அங்குல ரெக்கார்டுகள், 45 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 45 சுற்று) வேகம், 60,000 பிரதிகள். டப்பாவின் செலவுக்காக முன்பணத்தில் 33,000 பவுண்டை, ஆல்பத்தை வெளியிட்ட விர்ஜின் நிறுவனத்துக்குக் குழு திருப்பித் தர வேண்டியிருந்தது. 45 வேகமும் பக்கத்துக்குக் குறைந்த நிமிடங்களும் இருந்தால் ரெக்கார்டில் ஒலி பதியும் பள்ளங்களை அகலமாக வெட்டலாம். ஜா வோபிளின் பேஸ் முழுப் பருமனோடு பதியும். ஆனால் டப்பாவுக்குள் ரெக்கார்டுகள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், இடையில் காகித வட்டம் மட்டுமே. கவிழ்த்துத் தட்டித்தான் எடுக்க முடியும், எடுக்கும்போதே கீறல் விழும். பழைய பிரதி வாங்குபவர்கள் டப்பாவின் துருவைவிட ரெக்கார்டின் கீறலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1980 தொடக்கத்தில் இதையே 33⅓ வேகத்தில், இரண்டு எல்பிகளாக, 'செகண்ட் எடிஷன்' என்று வெளியிட்டார்கள். பாடல் வரிசை மாறியது. டப்பாவில் இல்லாத பாடல் வரிகள் அட்டையில் அச்சாயின. பேஸ் மெலிந்தது. பிரிட்டனில் பலர் எழுதியது டப்பாவைப் பற்றி, அமெரிக்காவில் எழுதியது பெரும்பாலும் இந்த எல்பிகளைப் பற்றி. ஒருவர் "உடலை அதிரவைக்கிறது" என்றும் இன்னொருவர் "வறண்டு கிடக்கிறது" என்றும் சொன்னால், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

இந்த ஆல்பத்துக்குக் கிடைத்த மரியாதை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 2003-இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 'செகண்ட் எடிஷன்' 469-ஆம் இடம் பெற்றது. என்னைக் கேட்டால் அது மிகவும் குறைவு. 'பாப்டோன்ஸ்' பாட்டில் கீத் லெவீன் வாசிக்கும் சுழலும் கிடாருக்கு இணையாக அந்த ஆண்டில் வேறொன்றை என்னால் சொல்ல முடியாது.

வோபிள் 1980-இல் விலகிய பிறகு பேஸ் வாசிக்க ஆளைத் தேடாமல், பேஸையே கிட்டத்தட்ட விட்டுவிட்டு 1981-இல் 'ஃப்ளவர்ஸ் ஆஃப் ரொமான்ஸ்' செய்தார்கள். பெரும்பகுதி ட்ரம்ஸும் குரலும்தான். பாட்டே இல்லை என்று சிலர் ஒதுக்கினார்கள், இதுவரை யாரும் போகாத இடம் என்று சிலர் கொண்டாடினார்கள். விற்பனைக்குச் சற்றும் ஒத்துவராத இந்த ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் 11-ஆம் இடம் பிடித்தது. 'மெட்டல் பாக்ஸ்' தொட்டது 18.

1986-இல் வந்த 'ஆல்பம்' (பெயரே அதுதான்) பில் லாஸ்வெல் தயாரிப்பு. ட்ரம்ஸ் கலைஞர் ஜிஞ்சர் பேக்கர், கிடார் கலைஞர் ஸ்டீவ் வை ஆகியோரோடு, சக்தி குழுவில் வாசித்த நம் சென்னைக்காரர் எல். சங்கரின் வயலினும் இதில் உண்டு. லைடன் பெரிய ராக் பக்கம் போய்விட்டார் என்ற அப்போதைய குறையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் அதிலுள்ள 'ரைஸ்' (Rise) அருமையான பாட்டு.

புதிதாகக் கேட்பவர்கள் கைபேசி ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தச் சிறிய ஸ்பீக்கரில் அது வரவே வராது, மிஞ்சுவது கிடாரின் கீச்சும் லைடனின் ஓலமும்தான். பலர் முதல் பாட்டிலேயே நிறுத்திவிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். காதை நன்றாக மூடும் ஹெட்போனில் 'பாப்டோன்ஸ்', 'கெரியரிங்' இரண்டையும் கேளுங்கள். பிடித்துவிட்டால் டப்பாவின் வரிசைப்படி 'ஆல்பட்ராஸ்' தொடங்கி முழுவதும். முதல் ஆல்பத்துக்கு அதன் பிறகு போகலாம், 'ஃப்ளவர்ஸ்' கடைசியாக இருக்கட்டும்.