ஸ்கேன் மூன்று போதும், பி.பி. ஒவ்வொரு முறையும் பாருங்கள்: பேறுகாலக் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு ஏழு வாரம் ஆகிறது. சேலத்தில் தனியார் டாக்டரிடம் காட்டப்போகிறோம். ஆனால் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து, பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறார். இரண்டு இடத்திலும் காட்ட வேண்டுமா?
வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: எங்கே காட்டுவது என்பது உங்கள் விருப்பம். பதிவை மட்டும் 12 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆதார், வங்கிப் பாஸ்புக், செல்போன் எண் கொடுத்தால் ஆர்.சி.எச். எண் (தாய்-சேய் நலப் பதிவு எண்) ஒன்று கிடைக்கும். நாளை குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யும்போது, அது தனியார் மருத்துவமனையாக இருந்தாலும், இந்த எண்ணைக் கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் (பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய்) இதுதான் அடிப்படை. பதிவு செய்ததால் அங்கேதான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

முதல் சந்திப்பில் பலரும் தவறாகச் சொல்வது தேதியை. செவிலியர் கேட்பது கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாள். நம் பெண்கள் சொல்வதோ 'நாள் தள்ளிப்போன' தேதி. இதிலேயே ஒரு மாதம் பிசகிவிடும். சரியான தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி வரும். காலண்டரில் குறித்து வைத்திருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

எச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு), ரத்த வகை, சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ், சிறுநீரில் புரதம் ஆகியவற்றை முதலிலேயே பார்த்துவிடுவார்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் கணவரின் ரத்த வகையையும் பாருங்கள். அவர் பாசிட்டிவ் என்றால் 28-வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்தைத் தாயின் உடல் எதிர்க்காமல் தடுப்பது) தேவைப்படும். குழந்தையும் பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும். இரும்பு மாத்திரை நான்காம் மாதத்திலிருந்து.

கேள்வி: ஐந்தாம் மாதம், எச்.பி. 9.2. சிவப்பு மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. பயந்து நிறுத்திவிட்டேன். மாமியார் தினமும் ஜவ்வரிசிக் கஞ்சி தருகிறார். அது போதுமா?
வாசகி, அம்மாபேட்டை

பதில்: போதாது. ஜவ்வரிசி சேலத்தின் பெருமைதான். ஆனால் அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து. வயிறு நிறையும், இரும்பு கிடைக்காது.

மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பு. கெடுதல் இல்லை. குமட்டலுக்கு வழி, மாத்திரையை இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுவிட்டுப் படுப்பது. எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடலில் ஏறும். காபி, டீ குடித்தால் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். வீட்டுக்கு வீடு காபி மணக்கும் ஏற்காட்டுப் பக்கத்துப் பெண்களுக்கும் இதைச் சேர்த்தே சொல்கிறோம். மாத்திரை தவறாமல் போட்டும் எச்.பி. ஏறவில்லை என்று வருகிறவர்களை விசாரித்தால், மாத்திரையை விழுங்கியதே காபியோடுதான் என்பது அடிக்கடி தெரியவரும். கால்சியம் மாத்திரையும் இரும்பைத் தடுக்கும். அதற்கு இரண்டு மணி நேர இடைவெளியாவது வேண்டும்.

மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. எச்.பி. 11-க்கு மேல் இருப்பவர்களுக்குத் தினம் ஒன்று, 180 நாள். உங்களைப்போல் 7-க்கும் 11-க்கும் இடையில் இருந்தால் தினம் இரண்டு. இவற்றை ஒரே வேளையில் விழுங்காமல் பிரித்துப் போடுங்கள். நான்காம் மாதத்துக்குப் பிறகு கொடுக்கும் பூச்சி மாத்திரையையும் (அல்பெண்டசோல் 400 மில்லிகிராம்) ஒதுக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு புள்ளியாவது ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் ஊசி வழியாக இரும்பு ஏற்றுவார்கள். 7-க்குக் கீழே போனால் மருத்துவமனையில் வைத்துத்தான் சிகிச்சை. இவ்வளவு கெடுபிடி எதற்கென்றால், பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால் எச்.பி. 12 உள்ளவர் தாங்கிக்கொள்வார், 7 உள்ளவரால் முடியாது.

கேள்வி: மாதா மாதம் ஸ்கேன் எடுத்தால்தான் குழந்தை நன்றாக இருப்பது தெரியும் என்கிறார் கணவர். உண்மையா?
வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: இல்லை. 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன், கடைசி மூன்று மாதத்தில் வளர்ச்சிக்கு ஒன்று. சிக்கல் ஏதும் இல்லாதவருக்கு இவை போதும். இரண்டாவதைத் தள்ளிப்போடாதீர்கள். பெரிய குறை ஏதும் தெரிந்தால் முடிவெடுக்க நாள் வேண்டும். சட்டப்படி கருக்கலைப்புக்கு 24 வாரம்வரை பொருந்தும் நிலைகளும், அதைத் தாண்டி மருத்துவக் குழுவிடம் போக வேண்டிய நிலைகளும் தனித்தனி. ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் பி.பி. பார்க்க ஐந்து நிமிடம் உட்கார மறுப்பதுதான் வேடிக்கை. மாடி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் இருங்கள். பட்டையைப் புடவை, சுடிதார்க் கைமேல் சுற்றினால் அளவு பிசகும். எண்ணைக் கேட்டு உங்கள் தாய்-சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். 'நார்மல்' என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள்.

கேள்வி: சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டேன். டெஸ்ட் செல்லுமா?
வாசகி, ஓமலூர்

பதில்: குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் செல்லாது. இன்னொரு நாள் எடுங்கள். அதற்குப் பிறகு என்றால் தொடரலாம். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் முறை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். சர்க்கரை என்று தெரிந்துவிட்டால் மல்கோவா சீசனில் மனதைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். ஒரு துண்டு போதும், அதையும் சோற்றோடு சேர்க்காதீர்கள்.

கேள்வி: எட்டாம் மாதம், தலைப்பிரசவம். மலையில் இருக்கிறோம். எப்போது கீழே இறங்குவது? கால் வீக்கம் வேறு இருக்கிறது.
வாசகி, ஏற்காடு

பதில்: முதலில் வீக்கம். மாலையில் பாதம் வீங்கி, காலையில் வடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. விடிந்தும் வடியவில்லை, முகம் ஊதுகிறது, மோதிரம் கழலவில்லை என்றால் அன்றே பி.பி.யும் சிறுநீரில் புரதமும் பாருங்கள். பி.பி. 140/90 எட்டினால் அலட்சியம் கூடாது. தாங்காத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்பவை வலிப்பு வரலாம் என்ற எச்சரிக்கை. அந்த நிலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் டோஸைப் போட்டுத்தான் 108-இல் ஏற்ற வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு நடுவே வலிப்பு வந்தால் வண்டியில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஊசி போட்டாயிற்றா என்று உடன் வருபவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

முன்பு சிசேரியன், இரட்டைக் குழந்தை, குழந்தை தலை திரும்பாதது, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, பி.பி., இன்சுலின் போடும் சர்க்கரை, கடும் ரத்தசோகை என எது இருந்தாலும் சேலம் ஜி.எச். போன்ற பெரிய மருத்துவமனையில்தான் பிரசவம். அப்படிப்பட்டவர்கள் வலிக்காகக் காத்திருக்காமல், டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே அடிவாரத்துக்கு இந்தப் பக்கம் உறவினர் வீட்டில் வந்து தங்குங்கள். மலைவாழ் பெண்களுக்காகச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டு. செவிலியரிடம் கேளுங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய் வீடு போகிறீர்களா? அட்டை, ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாம் உங்களோடு வரட்டும். புகுந்த வீட்டு பீரோவில் இருந்தால் பயனில்லை. அந்த ஊர்ச் செவிலியரிடமும் ஆர்.சி.எச். எண்ணைச் சொல்லுங்கள்.

நகரத்துக்காரர்களிடம் 'ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பு' என்போம். உங்களுக்கு அந்தக் கணக்கு ஆகாது. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வரத் தொடங்கியதுமே வண்டியைக் கூப்பிடுங்கள். நடந்தாலும் படுத்தாலும் குறையாமல் கூடிக்கொண்டே போவது நிஜ வலி. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். நீர் பச்சையாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். ரத்தப்போக்குக்கும் இதேதான். குழந்தை அசைவு குறைந்தது போலிருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வராவிட்டால் 'காலையில் பார்க்கலாம்' என்பது வேண்டாம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் தங்கையை மிட்வைஃப் (பயிற்சி பெற்ற மருத்துவச்சி) மட்டும்தான் பார்க்கிறாராம். இங்கேயும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸே பிரசவம் பார்க்கிறார். டாக்டர் வேண்டாமா?
வாசகி, அயோத்தியாப்பட்டினம்

பதில்: அங்கே சிக்கலில்லாத தலைப்பிரசவத்துக்குப் பத்துச் சந்திப்பு, இரண்டு ஸ்கேன். பெரும்பாலும் மிட்வைஃப்தான் பார்ப்பார். பி.பி., சர்க்கரை என்று ஏதாவது வந்தால்தான் மகப்பேறு டாக்டர். இதில் குறை ஒன்றும் இல்லை. இங்கேயும் பயிற்சி பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் சுகப்பிரசவத்தை நன்றாகவே பார்ப்பார். நீங்கள் கவனிக்க வேண்டியது, வலி நேரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பை அரை மணிக்கு ஒருமுறையாவது கேட்கிறார்களா, குழந்தை வெளிவந்ததும் ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போடுகிறார்களா, ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வைக்கிறார்களா என்பதைத்தான். பிரசவம் முடிந்து 48 மணி நேரம் அங்கேயே இருங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு துணி அரை மணிக்குள் முழுக்க நனைந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.