விமானம் தரையில் நிற்கிறது, நிலையம் பெரிதாகிறது: மகளை இந்தத் துறையில் சேர்க்கலாமா?

"ஒரு பக்கம் விமானத்தையெல்லாம் ஓரங்கட்டி நிறுத்துறாங்க. இன்னொரு பக்கம் ஏர்போர்ட்டைப் பெரிசாக்கிக்கிட்டே போறாங்க. எதை நம்பி பிள்ளையைச் சேர்க்கிறது?" பிளஸ் டூ முடிக்கப்போகும் மகளை வைத்துக்கொண்டு நீங்கள் கேட்ட கேள்வி இது, அம்மா. இரண்டு செய்தியும் உண்மைதான். டிக்கெட் விற்பனை சரிவது வாரக் கணக்கில் நடக்கும். விமானங்களை வாங்குவதும் விலக்குவதும் வருடக் கணக்கு. நிலையம் கட்டுவது பத்துப் பதினைந்து வருடக் கணக்கு. உங்கள் மகளின் படிப்பும் பயிற்சியும் நான்கைந்து வருடம். அதனால் சேர்க்கைச் சமயத்தில் வரும் தலைப்புச் செய்தியைப் பார்த்து முடிவெடுத்தால், அது பெரும்பாலும் தவறிப்போகும்.

சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். சாங்கி விமான நிலையம் 2019இல் 6.83 கோடி பயணிகளைக் கண்டது. கொரோனா வந்த 2020இல் அது 1.18 கோடியாக விழுந்தது; 2021இல் முப்பது லட்சம் சொச்சம்தான். 2020 மே 1ஆம் தேதி இரண்டாம் முனையத்தை மூடினார்கள். மூடிப் பூட்டிவிட்டுப் போகவில்லை. அங்கே ஏற்கெனவே தொடங்கியிருந்த விரிவாக்க வேலையை, ஆளில்லாத கட்டடத்தில் வேகமாகச் செய்தார்கள். பயணிகள் நடமாடிக்கொண்டிருந்தால், பகுதி பகுதியாகத் தடுப்பு வைத்து, தூசியும் சத்தமும் வெளியே வராமல் மெதுவாகச் செய்ய வேண்டியிருந்திருக்கும் வேலை அது. 2022 மே முதல் படிப்படியாகத் திறந்து, 2023 அக்டோபரில் முழுதாகத் திறந்தபோது அந்த முனையம் ஆண்டுக்கு 2.8 கோடிப் பேரைக் கையாளும் அளவுக்கு வளர்ந்திருந்தது. முன்னைவிட 50 லட்சம் அதிகம். இன்னும் கட்டத் தொடங்காத ஐந்தாம் முனையத்தை மட்டும் நிறுத்திவைத்து, வடிவமைப்பை மாற்றி, 2025 மே மாதம் பணியைத் தொடங்கினார்கள். 2024இல் சாங்கி 6.77 கோடிப் பேரைப் பார்த்துவிட்டது. 2020இல் பயந்துபோய்ப் படிப்பை மாற்றிக்கொண்ட ஒரு மாணவி பட்டம் வாங்கி வெளியே வந்தபோது, துறை கிட்டத்தட்ட பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்.

ஆனால் அதே ஊரில், அதே 2020இல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் ஏறக்குறைய 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. நவம்பரில் 26 பழைய விமானங்கள் இனித் தேவையில்லை என்றது. அவற்றில் ஏழு, ஏர்பஸ் ஏ380. நான்கு என்ஜின் கொண்ட அந்த மாபெரும் விமானம் இருக்கைகள் நிறைந்தால்தான் கட்டுப்படியாகும். இரட்டை என்ஜின் ஏ350 போன்றவை பாதி நிறைந்தாலும் எரிபொருள் செலவில் அந்த அளவுக்குக் கையைக் கடிக்காது. ஏர் பிரான்ஸ் தன் ஏ380கள் அனைத்தையும் 2020 மே மாதமே விலக்கிவிட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸும் குவாண்டாஸும் அந்த ஜூலையில் நான்கு என்ஜின் கொண்ட போயிங் 747க்கு விடை கொடுத்தன. இந்தப் பழைய விமானங்கள் எப்படியும் போகவேண்டியவைதான். மந்தநிலை அவற்றின் கடைசி நாளைச் சில வருடம் முன்னால் கொண்டுவந்தது, அவ்வளவே.

இதில் உங்கள் மகளுக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. விமானத் துறையில் வேலைத் தகுதி விமான வகையோடு ஒட்டிக்கொண்டு வரும். விமானிக்கும் சரி, பராமரிப்புப் பொறியாளருக்கும் சரி, எந்த வகை விமானத்தில் கைவைக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். பொறியாளருக்கு இது இன்னும் நுணுக்கம். ஏ320 ஓட்டும் விமானி பழைய ஏ320, புதிய நியோ இரண்டையும் ஒரே வகைத் தகுதியில் ஓட்டலாம். இடையில் ஒரு சிறு வேறுபாட்டுப் பயிற்சி போதும். பராமரிப்புப் பொறியாளரின் உரிமத்தில் விமானத்தின் பெயருக்குப் பக்கத்தில் என்ஜின் பெயரும் இருக்கும்: சிஎஃப்எம்56 என்ஜின் ஏ320 ஒரு வகை, லீப் என்ஜின் வேறு வகை, பிராட் அண்ட் விட்னி வேறு வகை. ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றது பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போட முடியாது.

2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. அதன் உள்நாட்டுச் சேவையின் முதுகெலும்பு போயிங் 737. அந்த வகைத் தகுதி வைத்திருந்தவர்கள் அதே 737 ஓட்டிய ஸ்பைஸ்ஜெட் பக்கம் போக முடிந்தது; ஏ320 நிறுவனங்களுக்குப் போக நினைத்தவர்கள் மாற்றுப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில்தான் 737இன் புதிய வடிவமான மேக்ஸ் விமானங்களோடு ஆகாசா ஏர் வந்தது. அதனால் வகைத் தகுதிக்கு முதல் விதி இது: வேலைக்கான உத்தரவுக் கடிதம் கையில் வராமல் சொந்தப் பணத்தில் வகைத் தகுதி எடுக்க வேண்டாம். எந்த நிறுவனம், எந்த விமானம் என்று தெரிந்த பிறகு எடுப்பதுதான் சரி. "முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை தானாக வரும்" என்று சொல்லும் தரகர்களிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மந்தநிலையிலும் கை ஓயாத வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பலரும் யோசிப்பதில்லை. நிற்கும் விமானத்துக்கும் ஆள் வேண்டும். பறக்காமல் நிற்கும் விமானத்தில் என்ஜின் வாய்களை மூட வேண்டும்; ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மூட்டைகளை வைத்து, அவை நனைந்துவிட்டனவா என்று குறித்த நாட்களில் பார்க்க வேண்டும்; டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகாமல் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும்; எரிபொருள் தொட்டியில் பூஞ்சை வளராமல் மருந்து கலக்க வேண்டும். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்க்கு உறை போடாமல் விட்டால் குளவி கூடு கட்டிவிடும். விமானிக்கு வேகம் தப்பாகக் காட்டும். ஈரக்காற்று ஆகாது என்பதால்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விமானங்களில் சிலவற்றை ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வறண்ட நிலத்துக்கு அனுப்பியது.

2020 ஜூலையில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் அவசர உத்தரவு போட்டது. ஏழு நாளோ அதற்கு மேலோ பறக்காமல் நின்ற, மேக்ஸ் அல்லாத போயிங் 737களில், என்ஜினிலிருந்து காற்றை எடுக்கும் பாதையில் உள்ள ஒரு வால்வு துருப்பிடித்துத் திறந்தபடியே சிக்கிக்கொள்ளலாம்; இரண்டு என்ஜினிலும் அப்படி நடந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வலுவிழக்கும் என்பது எச்சரிக்கை. அந்த வால்வைக் கையால் அசைத்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடத் தகுதி உள்ளவர் இல்லாமல் எந்த நிறுவனமும் மீண்டும் பறக்க முடியாது. அதுபோலவே, குத்தகை விமானத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஆயுள் வரம்பு உள்ள ஒவ்வொரு பாகமும் தயாரான நாளிலிருந்து எங்கே, எத்தனை சுற்று (ஏறி இறங்கினால் ஒரு சுற்று) ஓடியது என்ற தாள் கேட்பார்கள். ஒரு தாள் குறைந்தால் அந்தப் பாகத்தின் மதிப்பே போய்விடும். ஆவணப் பிரிவில் வேலை கூடுவது மந்தநிலையில்தான்.

ஆகவே உங்கள் மகளுக்கு இயந்திரத்தில் நாட்டம் இருந்தால், பராமரிப்புப் பொறியாளர் உரிமம்தான் என் முதல் பரிந்துரை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். சேர வேண்டியது, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர்-147 (பயிற்சி நிறுவனங்களுக்கான விதி) அங்கீகாரம் உள்ள நிறுவனத்தில். உரிமம் சி.ஏ.ஆர்-66 விதிப்படி வரும்: டர்பைன் என்ஜின் விமானத்துக்கு பி1.1, மின்னணுக் கருவிகளுக்கு பி2. ஒவ்வொரு பாடத் தொகுதியிலும் தேர்ச்சிக்கு 75 சதவீதம் எடுக்க வேண்டும். இங்கேதான் தமிழ்நாட்டுப் பெற்றோர் ஏமாறுகிறார்கள்: பி.இ. ஏரோநாட்டிகல் நல்ல படிப்புதான். ஆனால் அதை முடித்தால் இந்த உரிமம் வராது. அது வடிவமைப்புப் படிப்பு, இது கையெழுத்துப் போடும் உரிமம். விளம்பரத்தில் இரண்டையும் குழப்பி எழுதியிருப்பார்கள்.

இன்னொரு சிக்கல் அனுபவக் காலம். அங்கீகாரம் பெற்ற பயிற்சி முடித்தாலும், ஓடும் விமானங்களில் இரண்டு வருடப் பராமரிப்பு அனுபவம் காட்டினால்தான் பி1.1 உரிமம் கைக்கு வரும். மந்தநிலையில் நிறுவனங்கள் முதலில் மூடுவது இந்தப் பயிற்சி இடங்களைத்தான். வகுப்பு முடித்து, தேர்வும் எழுதி, அனுபவம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இப்படி உருவாகிறார்கள். சேரும் முன்பே கேளுங்கள்: செய்முறைப் பயிற்சி எந்த விமான நிறுவனத்தில், எத்தனை மாதம், போன ஆண்டு எத்தனை பேரை அனுப்பினார்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விமானி ஆகத்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தால், தடுக்க வேண்டாம். ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம். பறக்கும் பள்ளிக்கு முன்பணம் கட்டும் முன் டி.ஜி.சி.ஏ. மருத்துவர் பட்டியலில் உள்ளவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனை, பிறகு முதல் வகுப்பு. நிறக்குருடு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை. அடுத்து வான்வழி கண்டறிதல் (நேவிகேஷன்), வானிலை, விதிமுறை, தொழில்நுட்பப் பாடத் தேர்வுகள். தேர்ச்சிக்கு 70 சதவீதம். இவற்றில் முக்கியமானவற்றை முடித்த பிறகே பறக்கும் பள்ளி. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் தனிப் பொறுப்பில். அந்த நூறில் 15 மணி நேரம், விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். பள்ளி இழுத்தடித்தாலோ விமானம் பழுதாகி நின்றாலோ, இந்த 15 மணி நேரம் காலாவதியாகும். மீண்டும் காசு கட்டிப் பறக்க வேண்டியிருக்கும். அதனால் பள்ளியில் எத்தனை விமானம் என்று கேட்காதீர்கள். இன்று பறக்கும் நிலையில் எத்தனை, மாணவர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

செலவு ஐம்பது லட்சத்தைத் தொடும். வட்டி பத்து சதவீதம் என்று வைத்தால், முழுத் தொகையும் வாங்கிய பிறகு வேலை ஒரு வருடம் தள்ளிப்போனால் வட்டி மட்டும் ஐந்து லட்சம், மாதம் 41,666 ரூபாய். வங்கிக் கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும்தான் தவணை விலக்கு. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வீடோ நிலமோ ஈடு கேட்பார்கள். அந்த ஒரு வருடம் முடிந்து இன்னும் இரண்டு வருடம் வேலை இல்லாவிட்டாலும் வீடு தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். தாங்காது என்றால் விமானி வேண்டாம், அல்லது இப்போது வேண்டாம்.

இயற்பியலும் கணிதமும் பிடிக்கும், ஆனால் கடன் வாங்க முடியாது என்றால், விமானங்களுக்கு வழி சொல்லும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு (ஏ.டி.சி.) வேலை. இயற்பியலும் கணிதமும் உள்ள பி.எஸ்சி. போதும், பி.இ. என்றால் ஏதாவது ஒரு செமஸ்டரில் இந்த இரண்டு பாடமும் இருக்க வேண்டும். இந்திய விமான நிலையங்கள் ஆணையம் தேர்வு வைத்து எடுத்து, தானே பயிற்சி தருகிறது. பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 27. பயணிகள் குறைந்தாலும் ஆணையத்தின் நிரந்தரப் பணியாளருக்கு வேலை போகாது, அறிவிப்புதான் தாமதமாகும். விமானப் பணிப்பெண், தரைப்பணி வேலைகளுக்கு லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் பயிற்சி தேவையே இல்லை. தேர்வானவர்களுக்கு நிறுவனமே பயிற்சி தரும். மந்தநிலையில் முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான் என்பதால், கூடவே ஒரு பட்டம் கட்டாயம்.

கடைசியாக, புது நிலையத்தை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றி. திருச்சியின் புது முனையத்தை 2024 ஜனவரி 2ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்தார். பயணிகள் உள்ளே போனது ஜூன் 11இல். கட்டடம் தயாரான பிறகும் ஒத்திகைக்கும் இடமாற்றத்துக்கும் இப்படி ஒரு காலம் வேண்டும். அதை அவசரமாக முடித்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ஹீத்ரோ ஐந்தாம் முனையம் சாட்சி: 2008 மார்ச்சில் திறந்த அன்றே ஊழியர்கள் வண்டி நிறுத்துமிடம் தெரியாமல் அலைந்தார்கள், பெட்டிகள் குவிந்தன, நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. எனவே நிலையத்தில் ஆள் எடுப்பது அடிக்கல் நாட்டும்போது இல்லை, திறப்புக்கு முந்தைய ஒன்றிரண்டு வருடத்தில்தான். சென்னையின் இரண்டாவது விமான நிலையமான பரந்தூர் பற்றிய அறிவிப்பு 2022இலேயே வந்தது. அதைக் காட்டி "அங்கே வேலை நிச்சயம்" என்று எந்தக் கல்லூரியாவது சொன்னால், திறப்பு எந்த ஆண்டு, மகள் படிப்பு முடிவது எந்த ஆண்டு என்று ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தும் போடச் சொல்லுங்கள்.