ஒரே லினோ பலகையில் பல நிறங்களை எப்படி அச்சிடுகிறார்கள்?

லினோ பலகை என்பது செதுக்கி அச்சிட உதவும் மென்மையான லினோலியத் தகடு; செதுக்காமல் விட்ட பகுதியில்தான் மை ஒட்டித் தாளில் பதியும். நிறத்துக்கொரு பலகை தேவையில்லை. ஒரே பலகையைத்தான் திரும்பத் திரும்பச் செதுக்குகிறார்கள். முதலில் தாளின் வெள்ளையாகவே நிற்க வேண்டிய இடங்களைச் செதுக்கி எடுத்துவிட்டு, இருப்பதிலேயே வெளிர் நிறத்தை, மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம், எல்லாத் தாள்களிலும் அச்சிட வேண்டும். அப்புறம் மஞ்சளாகவே இருக்க வேண்டிய பகுதிகளைச் செதுக்கி நீக்கி, அதே தாள்களின் மேல் அடுத்த அடர்நிறம். இப்படியே போனால் கடைசியில் கறுப்புக்கு வேண்டிய கோடுகள் மட்டும் பலகையில் மிஞ்சும்.

செதுக்கியது போனதுதான், பிறகு மறுபதிப்பு கிடையாது. அதனால் 10 பிரதிகள் வேண்டுமென்றால் 15 தாளிலாவது தொடங்குங்கள்.

ஒரு நிறத்தின் மேல் அடுத்தது சரியாகப் பொருந்தாமல் விலகினாலும் படம் கெடும். மேசையில் ‘ட’ வடிவில் அட்டை ஒட்டி, பலகையையும் தாளையும் ஒவ்வொரு முறையும் அதே மூலையில் பொருத்துங்கள். எண்ணெய் மை என்றால் அடுக்குக்கு அடுக்கு சில நாள் காய வேண்டும்.