பூம்பாறையில் ஓரியன் நெபுலா: சிவப்பு ஏன் வரவில்லை?

வத்தலக்குண்டு வாசகர் ஒருவர் கேட்கிறார்: "டிசம்பர் கடைசியில் பூம்பாறையில் டிரைபாட் வைத்து ஓரியன் நெபுலாவை எடுத்தேன். ஏபிஎஸ்-சி கேமரா, 50 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ 6400, 20 நொடி. வெள்ளைத் திட்டாகத்தான் வருகிறது, நட்சத்திரங்களும் கோடாகிவிட்டன. கேமராவின் உள் ஃபில்டரை எடுத்துவிட்டால் சிவப்பு வரும் என்கிறார்கள். எடுத்துவிடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். நெபுலா என்கிற வாயு மேகத்தின் ஹைட்ரஜன், உள்ளே பிறந்த இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் பட்டு 656 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது. அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைக் கேமராவின் ஃபில்டர் தடுத்துவிடும் என்பது உண்மைதான். குதிரைத்தலை, ரோசெட் போன்ற மங்கலான நெபுலாக்களுக்கு அது பெரிய இழப்பு. ஓரியன் வெறும் கண்ணுக்கே தெரிகிற நெபுலா. மிச்சம் வருகிற சிவப்பே இளஞ்சிவப்பாகக் காட்டிவிடும்.

உங்கள் படத்தைக் கெடுத்தது அந்த 20 நொடி. வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது (60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை). 20 நொடியில் 5 கலை. முழு நெபுலாவே ஒரு பாகைதான் இருக்கும், அதாவது 60 கலை. அதன் நுணுக்கமெல்லாம் இழுபட்டுப் போகிறது. போதாததற்கு ஐஎஸ்ஓ 6400-இல் நடுப்பகுதி நிரம்பி வெளுத்துவிடுகிறது. வெளுத்த இடத்தில் நிறம் ஏது?

இப்படிச் செய்யுங்கள். ஐஎஸ்ஓ 1600, துளை எஃப் 2.8, 4 நொடி, ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப்பதிவு). அப்படி 300 படங்கள். மொத்தம் 20 நிமிட வெளிச்சம். டீப் ஸ்கை ஸ்டேக்கர் அல்லது சிரில் மென்பொருளில் (இரண்டும் இலவசம்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், 100 படத்துக்கே இரைச்சலுக்கு (படத்தில் தெரியும் புள்ளிக் கசடு) மேல் நெபுலா, ஒற்றைப் படத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்கு தூக்கலாகும். கடைசியில், கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிப்பதற்காக, லென்ஸை மூடி, அதே அமைப்பில், அந்தக் குளிரிலேயே 30 படம் எடுங்கள். அறைக்கு வந்து எடுத்தால் பயனில்லை. அப்புறம், ஃபோகஸ்: லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். லைவ் வியூவில் சிரியஸ் என்கிற பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் புள்ளியாக்கி, டேப் ஒட்டிவிடுங்கள். குளிர் ஏற ஏற ஃபோகஸ் நகரும், இடையில் ஒருமுறை பாருங்கள்.

பழனி மலையில் தொல்லை பனிதான். லென்ஸ் முகப்பு நனைந்துவிட்டால் அன்றைய இரவு போச்சு. கை சூடாக்கும் பையை லென்ஸைச் சுற்றிக் கட்டுங்கள், மாற்று பேட்டரியை ஸ்வெட்டருக்குள் வையுங்கள். தை அமாவாசையை ஒட்டிய இரவுகள் எனக்கு மிகப் பிடித்தவை: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், முன்னிரவிலேயே ஓரியன் உச்சிக்கு அருகில் வந்துவிடும். கீழே பள்ளத்தாக்கை மேகம் மூடினால் இன்னும் நல்லது, சமவெளி விளக்குகள் மறைந்துவிடும். மன்னவனூர் பக்கம் போனால் கொடைக்கானல் வெளிச்சமும் குறையும். காட்டுக்குள் போகாமல், தங்குமிடத்து முற்றத்திலேயே வையுங்கள். காட்டுமாடுகள் இருட்டில் சத்தமில்லாமல் வந்து நிற்கும்.

ஃபில்டரை எடுக்க வைத்திருக்கும் பணத்தை டிராக்கருக்கு, அதாவது வானத்தின் நகர்வோடு கேமராவைத் திருப்பும் கருவிக்கு, சேமியுங்கள். அந்தக் கருவியைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்கவேண்டும். இங்கே அது 10 பாகை உயரத்தில்தான் இருக்கிறது, எதிரே ஒரு மேடு இருந்தாலே மறைந்துவிடும். வடக்கு திறந்த முற்றமாகப் பாருங்கள்.

டிராக்கர் வந்ததும் ஏப்ரலில் தெற்கே திரும்புங்கள். கரீனா நெபுலா ஓரியனைவிடப் பெரியது. மாத நடுவில் இரவு ஒன்பதரை வாக்கில் 20 பாகை உயரத்தில் நிற்கும். மாலையில் கோடைமழை பெய்து ஓய்ந்த இரவு கிடைத்தால் விடாதீர்கள்.